குட்டைக்கு அடியில் மூன்றரை மூட்டை உரம்

புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில் என் தாய்மாமன் வீட்டுக் கொல்லையில் ஒரு மீன் குட்டை இருக்கிறது. ஐந்து சென்ட் பரப்பு, சுமார் 200 சதுர மீட்டர். ஒரு பக்கம் தென்னை, ஒரு பக்கம் மாட்டுக்கொட்டகை, மூன்றாவது பக்கம் நெல் வயல். பண்டிகைக்கும் விருந்தாளிக்கும் அதில்தான் மீன் பிடிப்போம். சித்திரை மாதம் ஒரு நாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு மாமா என்னை எழுப்பிக் கரைக்கு அழைத்துப் போனார்.

"பாரு மாப்ள, மூச்சு வாங்குது."

குட்டையில் தண்ணீரே கண்ணுக்குத் தெரியவில்லை. கரைக்குக் கரை பச்சை. எங்கள் பக்கம் மிதக்கிற செடி எல்லாவற்றுக்கும் ஆகாயத்தாமரை என்றுதான் பேர். நூல்களில் அந்தப் பெயர் முட்டைக்கோஸ் பூவாய் விரிந்த மாதிரி மிதக்கும் சின்னச் செடிக்கு உரியது. காம்பு வெங்காயம் போல உப்பி, ஊதாப் பூ பூக்கிறதே, அது வெங்காயத்தாமரை. மாமாவின் குட்டையில் இரண்டும் இருந்தன. ஓரத்தில் சம்பு, அதன் காலடியில் வேலம்பாசி. நடுவில் பாய் விரிப்பு அளவுக்கு ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில்தான் கட்லாவும் ரோகுவும் தலையைத் தூக்கி, வாயைப் பிளந்து, மேல்தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தன.

வெயில் ஏறியதும் அவை கீழே போய்விடும். மறுநாள் விடியலில் திரும்ப வரும். இது ஏன் என்று புரிந்துகொண்டால் குட்டையை எப்படிச் சுத்தம் செய்வது என்பதும் பாதி புரிந்துவிடும்.

30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர் தாங்கக்கூடிய ஆக்சிஜன் ஏழரை மில்லிகிராம்தான். கெண்டை இன மீன்களுக்கு ஐந்து மில்லிகிராம் இருந்தால் நலம்; மூன்றுக்குக் கீழே போனால் திணறல். பகலில் தண்ணீருக்குள் இருக்கும் பாசியும் வேலம்பாசியும் வெயிலைக் கொண்டு ஆக்சிஜன் செய்கின்றன. இரவில் அவையும் மீனும் சேற்றிலுள்ள கோடானுகோடி பாக்டீரியாக்களும் அதே ஆக்சிஜனைச் செலவழிக்கின்றன. வரவு நின்று செலவு மட்டும் நடக்கும் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தின் கடைசி நிமிடங்கள்தான் விடியற்காலை. வெங்காயத்தாமரை இதில் இன்னொரு கேடு செய்கிறது. அதன் இலை நீருக்கு மேலே இருப்பதால் அது செய்யும் ஆக்சிஜன் காற்றோடு போய்விடுகிறது. கீழே வெயில் இறங்காமல் மறைக்கிறது. காற்று தண்ணீரைத் தொட்டு அலை எழுப்புவதையும் தடுக்கிறது. நல்ல வெயிலில், சத்துள்ள தண்ணீரில் இது இரண்டு வாரத்தில் இரண்டு மடங்காகும். இரண்டே செடிகளை விட்டால் ஆறு மாதத்தில் கணக்குப்படி பதினாறாயிரம் ஆகிவிடும். குட்டையில் இடம் தீர்ந்துவிடுவதால்தான் அது அவ்வளவோடு நிற்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மாமா இதே குட்டையை ஒரே நாளில் சுத்தம் செய்தார். வாடகைக்கு ஒரு இயந்திரம் வந்தது. செடிகளை வாரியது, சேற்றைக் கிளறியது, மாலைக்குள் போய்விட்டது. கண்ணாடியாக இல்லாவிட்டாலும் தண்ணீர் என்று ஒன்று தெரிந்ததில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. மறுநாள் காலையில் பல கட்லாக்கள் வெள்ளை வயிறு காட்டி மிதந்தன. கிளறிய சேறு இரவெல்லாம் தண்ணீரிலிருந்த ஆக்சிஜனை உறிஞ்சிவிட்டது. ஆறே மாதத்தில் பச்சை திரும்பி வந்து, முன்னைவிட அடர்த்தியாக மூடியது. மாமா மனம் நொந்து அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகாமல் இருந்தார்.

திரும்பி வந்த பச்சைக்குச் சாப்பாடு எங்கிருந்து வந்தது?

கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் ஆய்வுக்கென்றே ஒதுக்கிய சின்ன ஏரிகள் பல உண்டு. அவற்றில் 226ஆம் எண் ஏரி நடுவில் இடுப்பு குறுகி உடுக்கை போல இருக்கும். 1973-ல் டேவிட் ஷிண்ட்லரும் அவருடைய குழுவினரும் அந்த இடுப்பில் ஒரு திரையைக் குறுக்கே கட்டி ஏரியை இரண்டாக்கினார்கள். ஒரு பாதிக்குக் கார்பனும் நைட்ரஜனும் கொடுத்தார்கள். மறு பாதிக்குக் கார்பன், நைட்ரஜன், கூடவே பாஸ்பரஸ். சில வாரத்தில் பாஸ்பரஸ் போட்ட பாதி பச்சைப் பசேலென்று பாசி பூத்தது. மற்ற பாதி பழையபடி தெளிவாக இருந்தது. வானிலிருந்து எடுத்த அந்தப் புகைப்படம், சலவைத்தூளில் பாஸ்பேட்டைக் குறைக்க வேண்டும் என்ற வாதத்துக்கே சாட்சியாக நின்றது. ஏரி பச்சையாவதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பாஸ்பரஸ்தான் என்பதை ஒரே படத்தில் காட்டியது அது.

காரணம் எளிது. கார்பனைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். நைட்ரஜனையும் நீலப்பச்சைப் பாசிகளில் சில காற்றிலிருந்தே பிடித்துவிடும். பாஸ்பரஸ் காற்றில் கிடையாது. வெளியிலிருந்து யாராவது கொண்டுவந்து போட்டால்தான் உண்டு. பாசியின் உலர் எடையில் நூற்றில் ஒரு பங்கு பாஸ்பரஸ் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிராம் பாஸ்பரஸ் நூறு கிராம் பாசியை உண்டாக்கும். நம் வயலுக்குப் போடும் டிஏபி உரத்தில் ஐந்தில் ஒரு பங்கு பாஸ்பரஸ். அதாவது ஒரு கைப்பிடி, 50 கிராம் டிஏபி மழையில் கரைந்து குட்டைக்குள் வந்தால், ஒரு கிலோ உலர்ந்த பாசிக்கு அது போதும்.

மாமாவின் குட்டைக்கு வயலிலிருந்து மட்டும் வரவில்லை. கொட்டகை கழுவிய தண்ணீர், பாத்திரம் தேய்த்த தண்ணீர், மீனுக்கென்று போட்ட தவிடும் புண்ணாக்கும், மிஞ்சிய சோறு, தென்னை ஓலை. இருபது வருடமாக எல்லாம் ஒரே திசையில்தான் போயின. உள்ளே வந்தது எதுவும் வெளியே போகவில்லை.

ஒரு மாலை முற்றத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். குட்டையை மூடிய செடி சதுர மீட்டருக்கு 20 கிலோ என்றால் மொத்தம் நாலு டன். வெங்காயத்தாமரையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர். காயவைத்தால் 200 கிலோ மிஞ்சும். அதில் இருக்கும் பாஸ்பரஸ் ஒரு கிலோவைத் தாண்டாது. அடியில் ஓரடிச் சேறு. 200 சதுர மீட்டருக்கு அது 60 கன மீட்டர். காய்ந்தால் 36 டன் என்று வையுங்கள். இப்படிப்பட்ட குளச் சேற்றின் உலர் எடையில் ஆயிரத்தில் ஒரு பங்கு பாஸ்பரஸ் இருப்பது சாதாரணம். ஆக 36 கிலோ. டிஏபி கணக்கில் சொன்னால் 180 கிலோ, ஐம்பது கிலோ மூட்டையில் மூன்றரை மூட்டை.

"மூட்டைய உள்ள வச்சிக்கிட்டுத்தான் மேல புல்லு புடுங்கினனா?" என்றார் மாமா.

அதேதான். செடியை மட்டும் எடுத்தால் முப்பத்தேழில் ஒரு பங்கைத்தான் எடுத்தோம்.

இந்த மூன்றரை மூட்டையும் ஒரே நாளில் கரைந்துவிடாது. பெரும்பகுதி இரும்போடும் சுண்ணாம்போடும் கட்டுண்டு கிடக்கும். அந்தக் கட்டு எப்போது அவிழும் என்பதை இங்கிலாந்தின் ஏரிகளில் ஆராய்ந்து 1941, 1942 ஆண்டுகளில் எழுதினார் கிளிஃபோர்ட் மார்ட்டிமர். சேற்றின் மேற்பரப்பில் ஆக்சிஜன் இருக்கும்வரை இரும்பு துருவாக இருந்து பாஸ்பேட்டை இறுகப் பிடித்துக்கொள்கிறது. ஆக்சிஜன் தீர்ந்தால் துரு கரைகிறது. பிடி தளர்ந்து பாஸ்பேட் தண்ணீரில் சேர்கிறது. குட்டை மூச்சுத் திணறும் ஒவ்வொரு விடியலிலும் அடியிலிருக்கும் மூட்டையின் வாய் கொஞ்சம் அவிழ்கிறது. அதைத் தின்று செடி வளர்கிறது, செடி மட்கிச் சேறாகிறது, சேறு ஆக்சிஜனைத் தின்கிறது. இதை ஏதோ ஓர் இடத்தில் அறுக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு அண்ணன், "புல்கெண்டை விடுங்க, எல்லாத்தையும் மேஞ்சிடும்" என்றார். புல்கெண்டை வேலம்பாசியை ஆசையாகத் தின்னும், வெங்காயத்தாமரையைச் சீந்தாது. தின்றதில் பாதியைச் செரிக்காமல் கழித்துவிடும். அந்தக் கழிவில் பாசி வளர்ந்து தண்ணீர் பச்சைச் சாந்தாகிவிடும். களைக்கொல்லி அடித்தாலும் இதே கதை. செத்த செடி அங்கேயே அழுகும், ஆக்சிஜன் ஒரேயடியாகச் சரியும், பாஸ்பரஸ் குட்டையிலேயே இருக்கும். எந்த வழியைச் சொன்னாலும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இதில் பாஸ்பரஸ் கரையைத் தாண்டி வெளியே போகிறதா? பிடித்துச் சாப்பிடும் ஒரு கிலோ மீனோடு நாலைந்து கிராம் போகும். வாரி வெளியே போட்ட ஒரு டன் செடியோடு கால் கிலோ போகும். சேற்றோடு போவதுதான் பெரும்போக்கு.

கொல்லைப்புறக் குட்டையைத் துப்புரவாக வைப்பது மீனுக்காக மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. இதற்கு நம் ஊர் விஞ்ஞானிகள் கேரளத்தில் செய்த ஒரு வேலையே சாட்சி. புதுச்சேரியில் 1975-ல் தொடங்கிய வி.சி.ஆர்.சி., நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், பி.கே. ராஜகோபாலன் இயக்குநராக இருந்த காலத்தில் ஆலப்புழை மாவட்டத்துச் சேர்த்தலையில் யானைக்கால் நோய்த் தடுப்பை எடுத்துக்கொண்டது. அங்கே நோயைப் பரப்பியது மான்சோனியா என்ற கொசு. மற்றக் கொசுக்களின் புழுக்கள் மூச்சுக்குத் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வரும். அங்கேதான் அவற்றை எண்ணெய் ஊற்றிக் கொல்ல முடியும். மான்சோனியாவின் புழு மேலே வருவதே இல்லை. தன் மூச்சுக்குழலை ஆகாயத்தாமரையின் வேரில் ஊசி போலக் குத்தி, வேருக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சிக்கொண்டு கீழேயே கிடக்கும். தாய்க்கொசு முட்டையிடுவதும் அந்த இலையின் அடியில்தான். செடி இல்லையென்றால் அந்தக் கொசு இல்லை.

சேர்த்தலையில் வீட்டுக்கு வீடு கொல்லையில் குளம். எல்லாவற்றிலும் இந்தச் செடி. தென்னைக்கு உரமாகும் என்பதால் மக்களே விட்டுவைத்திருந்தார்கள். ஆயிரக்கணக்கான குளங்களில் ஆள் வைத்துச் செடி எடுத்தாலும் மறுபடி வளர்ந்துவிடும். 1980களின் பிற்பகுதியில் வி.சி.ஆர்.சி. செய்தது வேறு. அந்தக் குளங்களில் கெண்டை மீன் வளர்க்க மக்களுக்குக் கற்றுக்கொடுத்தது. மீன் வேண்டுமென்றால் வெயில் வேண்டும், வெயில் வேண்டுமென்றால் செடி போக வேண்டும். மீன் விற்ற காசு கைக்கு வந்ததும் வீட்டுக்காரர்களே தங்கள் குளத்தைக் களையில்லாமல் பார்த்துக்கொண்டார்கள். கொசு ஒழிப்பு வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் இது. மருந்தடிக்க ஆள் வருவான் என்று காத்திருக்காமல், சோற்றுத்தட்டோடு சேர்த்துக் கட்டிய சுகாதாரம்.

மாமாவின் குட்டைக்கு இந்த முறை அவசரப்படவில்லை. வைகாசி முழுக்க எடுத்துக்கொண்டோம்.

முதல் வாரம் செடி. கயிற்றை இரண்டு கரையிலிருந்தும் பிடித்து இழுத்துக் குவியலாக்கி, ஒரு நாளைக்குக் கால்வாசிக்கு மேல் போகாமல் எடுத்தோம். ஒரே நாளில் எல்லாவற்றையும் உருவினால் வேரோடு சேறும் கலங்கும். போன முறை மீன் செத்தது அதனால்தான். எடுத்த செடியை ஒரு ராத்திரி கரையோரமே போட்டுவைத்தோம். குவியலிலிருந்து நத்தையும் தட்டானின் இளம்புழுவும் தவளைக்குஞ்சும் ஊர்ந்து தண்ணீருக்குத் திரும்பின. மறுநாள் காலை குவியலைத் தூரத் தென்னந்தோப்புக்கு மாற்றினோம். கரையிலேயே மட்க விட்டால் முதல் மழையில் சாறு இறங்கி உள்ளே வந்துவிடும்.

பிறகு மோட்டார் வைத்துத் தண்ணீரைத் தென்னைக்குப் பாய்ச்சினோம். அதுவும் உரத்தண்ணீர்தான். முழங்கால் ஆழம் வந்ததும் விடியற்காலையில் வலை போட்டு, கட்லா, ரோகு, மிருகாலை நிழலில் வைத்த தொட்டிக்கு மாற்றினோம். மீனும் தண்ணீருமாக ஒரு பாத்திரத்தில் எடுத்து, அந்தப் பாத்திரத்தைத் தொட்டியில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, இரண்டு தண்ணீரின் சூடும் ஒன்றானதும்தான் மீனைத் திறந்துவிட வேண்டும்.

கடைசியில் சேற்றில் கிடந்தவை விராலும் கெளுத்தியும். இவற்றுக்கு அவசரமே இல்லை. விராலுக்குச் செவுளுக்கு மேலே காற்றை வாங்கிக்கொள்ளத் தனி அறை உண்டு. தண்ணீர் வற்றினாலும் ஈரச் சேற்றுக்குள் புதைந்து பல வாரம் காத்திருக்கும். அதற்கு ஆபத்து வேறு வகையில் வரும். மேலே வந்து காற்றை விழுங்க விடாமல் வலையோடு தண்ணீருக்குள் அமுக்கி வைத்தால் வளர்ந்த விரால் மூச்சு முட்டிச் செத்துப்போகும். மீன் தண்ணீரில் மூழ்கிச் சாகும் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். ஆனால் ஊத்தா போட்டு விரால் பிடித்தவர்களுக்குத் தெரியும்.

சேற்றில் இறங்கிய முதல் நாள் மண்வெட்டியால் ஒரு பாளம் வெட்டி எடுத்துக் கரையில் வைத்தேன். மேலே ஓரடிக்குக் கண்மை போலக் கறுப்பு. அழுகின முட்டை நாற்றம். கறுப்பு இரும்பு சல்பைடால் வருவது, நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு. அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் பிசுபிசுவென்று களி. காற்றும் வெயிலும் படப்பட, கறுப்பின் விளிம்பு மெல்லப் பழுப்பேறியது. மதியச் சாப்பாடு முடித்து வந்து பார்த்தபோது பாளத்தின் மேல்தோல் முழுக்கத் துருநிறம். மார்ட்டிமர் எழுதியது கண்ணெதிரே நடந்தது. இரும்பு மறுபடி துருவாகி, பாஸ்பேட்டை மறுபடி பிடித்துக்கொள்கிற நேரம் அது. கோடையில் குளத்தைக் காயப்போடுவதன் வேதியியல் இதுதான். வெடிப்பு விட்டு, வெடிப்புக்குள் காற்று இறங்கி, நாற்றம் போகும்வரை காய வேண்டும். நாங்கள் பன்னிரண்டு நாள் காயவிட்டோம்.

காய்ந்த கறுப்பு மண்ணை டிராக்டரில் ஏற்றி வயலுக்கு அடித்தோம், சம்பாவுக்கு முன்னால். நம் முன்னோர் ஏரி வண்டலை மாட்டுவண்டியில் ஏற்றிக் கழனிக்குக் கொண்டுபோனது இதே கணக்கில்தான். வயலிலிருந்து இறங்கிய சத்து வயலுக்கே திரும்பியது, ஏரியும் ஆழமானது. பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணையின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் தண்ணீர் கொண்டுவருகிறது. வில்லியனூர் பக்கத்து ஊசுட்டேரிக்குச் சங்கராபரணியிலிருந்து வருகிறது. வெள்ளத்தோடு வண்டலும் வரும். புதுச்சேரியின் 84 ஏரிகளைச் சீரமைக்க 1999-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு ஒரு திட்டம் நடந்தது. 2019-ல் மாவட்ட நிர்வாகம் 'நீரும் ஊரும்' என்று குளங்களையும் வாய்க்கால்களையும் மக்களோடு சேர்ந்து தூர்வாரியது. இந்த முயற்சிகள் தொடர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். எந்த ஊரில் தூர்வாரினாலும் எத்தனை யூனிட் மண் எடுத்தோம் என்பதோடு, எடுத்த மண் எங்கே போனது, வாய்க்கால் வழியே உள்ளே என்ன வருகிறது என்பதையும் கேட்க வேண்டும். கரை மேலேயே குவித்த சேறு அடுத்த ஐப்பசியில் உள்ளே இறங்கிவிடும். சாக்கடையோ ஆலைக்கழிவோ கலந்த குளத்துச் சேற்றைச் சோதிக்காமல் கழனியில் போடவும் கூடாது.

எவ்வளவு ஆழம் வெட்டுவது என்பதில் மாமாவுக்கும் எனக்கும் வாக்குவாதம். ஆழமாக வெட்டினால் நிறையத் தண்ணீர் நிற்கும் என்றார். அந்தச் சாம்பல் களிதான் குட்டையின் பானை. அதை உடைத்து மணலைத் தொட்டால் தண்ணீர் இறங்கிவிடும். நிலத்தடி நீருக்கென்று வெட்டும் குளத்துக்கு அது நல்லது. கடலோர ஊர்களில் கிணறு உப்பாகிற இந்தக் காலத்தில் அப்படிப்பட்ட குளங்களும் நமக்கு வேண்டும். மீன் குட்டைக்கு ஆகாது. அதனால் களிக்கு மேலே இரண்டு விரற்கடை கறுப்பு மண்ணை விட்டுவைத்தோம். அதன்மேல் சுண்ணாம்பு. எக்டருக்கு 200 முதல் 250 கிலோ என்ற கணக்கில் எங்கள் ஐந்து சென்டுக்கு நாலைந்து கிலோதான் ஆனது.

மிச்ச வேலை கரையில். கொட்டகைத் தண்ணீரும் பாத்திரத் தண்ணீரும் இனி நேராக உள்ளே வராது. முதலில் ஒரு குழி, அதில் கல்வாழை, அங்கே சத்தைக் கொடுத்துவிட்டுத் தென்னைக்குப் போகும். வயல் பக்கம் ஒரு முழ உயரத்துக்கு வரப்பு. ஒரு மூலையில் மட்டும் அல்லியும் கோரையும் விட்டிருக்கிறோம், தவளைக்கும் தட்டானுக்கும். வெங்காயத்தாமரை ஒரு செடி தெரிந்தாலும் அன்றே எடுக்க வேண்டியது அத்தையின் பேரப்பிள்ளைகளின் பொறுப்பு.

புதுச்சேரிக்கு மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில்தான். ஆனால் ஆடிக் கடைசியில் இரண்டு நல்ல மழை கொட்டி, குட்டையில் இடுப்பளவு தண்ணீர் சேர்ந்தது. முதலில் செம்மண் நிறம். நாலு நாளில் தெளிந்தது. பிறகு மெல்ல இளம்பச்சை ஏறியது. கையை முழங்கை வரை விட்டு உள்ளங்கையைப் பார்ப்பது மீன் வளர்ப்பவர்களின் பழைய சோதனை. அந்த ஆழத்தில் உள்ளங்கை மங்கி மறைந்தால் பச்சை சரியான அளவு. மணிக்கட்டிலேயே மறைந்தால் அதிகம். மாமா கையை விட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் சிரித்தார். நூறு குஞ்சு விடலாம் என்று முடிவானது. மேல்தண்ணீருக்குக் கட்லா, நடுவுக்கு ரோகு, அடிக்கு மிருகால்.

குஞ்சு வருவதற்கு முதல் நாள் மாலை, கண்ணாடி டம்ளரில் குட்டைத் தண்ணீரை மொண்டு மேற்கு வெயிலுக்கு நேராகப் பிடித்தேன். கடுகில் கால்வாசி கூட இல்லாத உருவங்கள் துடித்துத் துடித்து மேலும் கீழும் போயின. தண்ணீர்ப்பூச்சிகள், மீன்குஞ்சுக்கு முதல் சாப்பாடு. இவற்றை யாரும் கொண்டுவந்து விடவில்லை. குட்டை வற்றும்போது இவை கெட்டியான தோலுள்ள உறங்கு முட்டைகளைச் சேற்றில் போட்டுவிடும். காய்ந்தாலும் வெயில் சுட்டாலும் அந்த முட்டை தாங்கும். ஏரிச் சேற்றில் பல பத்தாண்டுகள் கிடந்த முட்டைகள்கூடப் பொரித்திருக்கின்றன. வயலுக்கு அள்ளிப் போனது போக, நாங்கள் விட்டுவைத்த இரண்டு விரற்கடை மண்ணிலிருந்து எழுந்தவை இவை. மாமா டம்ளரை வாங்கி வெகு நேரம் பார்த்தார். பிறகு அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினார்.